மாடு ஒதுக்கும் மஞ்சள் பூ

இங்கிலாந்தில் மகள் வீட்டுக்குப் பின்னால் மேய்ச்சல் நிலம். மே மாதம், முழுக்க மஞ்சள் பூ. பட்டர்கப் என்றாள் மகள். எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் தெரிஞ்சது. வங்கியில் கையெழுத்துச் சரிபார்த்துப் பழகின கண்ணாச்சே, விடலை. பறித்துத் திருப்பிப் பார்த்தேன்.

பூவைத் தாங்கும் பச்சைப் புல்லி இதழ்கள் கீழ்நோக்கி மடங்கிக் காம்பை ஒட்டியிருந்தால் அது கிழங்கு பட்டர்கப். தோண்டினால் அடித்தண்டு சின்ன வெங்காயம் மாதிரி பருத்திருக்கும். வறண்ட மேட்டில் வரும். புல்லி இதழ் மடங்காவிட்டால் பூக்காம்பைத் தடவுங்க. வழவழப்பா இருந்து, இலையின் நடுப்பிரிவுக்குத் தனிக்காம்பும் இல்லேன்னா புல்வெளி பட்டர்கப், இடுப்புயரம்கூட வளரும். காம்பில் வரிப்பள்ளம், நடு இலைக்குத் தனிக்காம்பு, தரையில் வல்லாரை போல ஓடுதண்டு – இது படரும் பட்டர்கப்.

மூன்றுமே பச்சையில் காரம். சாறு பட்டால் மாட்டுக்கு வாய் கொப்பளிக்கும். அதனால் மாடு புல்லை மட்டும் கடித்துவிட்டு இதை விட்டுவிடும். அதிகமா மேய்த்த நிலத்தில் இது பெருகுவது அப்படித்தான். காய்ந்த வைக்கோலில் அந்த நஞ்சு சிதைந்துவிடுவதால் பயமில்லை.

படரும் வகை ஈரம் தேங்கி இறுகின மண்ணைக் காட்டும். நம்ம வயலில் கோரை மாதிரி. அந்த நிலத்தில் டிராக்டர் திரும்பும் வாசல் பக்கம்தான் அது அடர்த்தி. குச்சியால் குத்தினேன்; இரண்டு விரற்கடைக்கு மேல் இறங்கலை.