கோடீஸ்வரத் தந்தை தேவைப்பட்ட காதல்

மெரினாவில் மாலை நடை செல்லும்போது ‘காதலிக்க நேரமில்லை’ என் நினைவுக்கு வருவதுண்டு. இயக்குநர் ஸ்ரீதரும் சித்ராலயா கோபுவும் இந்தக் கடற்கரையில் அமர்ந்து பேசிப் பேசி உருவாக்கிய கதை அது. முத்துராமனும் காஞ்சனாவும் பாடி ஆடியதும் இதே மணலில்தான். 1964 பிப்ரவரியில் வெளியான அந்த வண்ணப்படத்தை இன்றும் குடும்பத்தோடு பார்த்துச் சிரிக்கிறோம். எதைக் கண்டு சிரிக்கிறோம் என்பதுதான் யோசிக்க வேண்டியது.

சின்னமலை எஸ்டேட் முதலாளி விஸ்வநாதனாக டி.எஸ். பாலையா. அவருக்குப் பணமே மனிதனின் அளவுகோல். வேலையிலிருந்து நீக்கப்பட்ட இளைஞன் அசோக் (ரவிச்சந்திரன்), அவரது பங்களாவின் எதிரிலேயே கூடாரம் அடித்து, ஆடிப்பாடி வேலை கேட்கிறான். ஒரு தொழில் தகராறு, விஸ்வநாதன் – ராமமூர்த்தி இசையில் கொண்டாட்டமாகிவிடுகிறது. முதலாளியின் மகளுக்கோ அவன்மீது காதல்.

வேலையில்லாதவனுக்குப் பெண் கொடுப்பாரா விஸ்வநாதன்? நண்பன் வாசு (முத்துராமன்) முதியவர் வேடமிட்டு, அசோக்கின் கோடீஸ்வரத் தந்தையாக வந்து நிற்கிறான். நேற்றுவரை விரட்டியவர் இன்று குழைகிறார். அசோக்கிடம் எந்த மாற்றமும் இல்லை. அவனுக்கு ஒரு பணக்காரத் தந்தை வாய்த்திருக்கிறார், அவ்வளவே. படத்தின் மொத்தச் சிரிப்பும் இந்த ஒரு புள்ளியில்தான் இருக்கிறது. ஏழை, பணக்காரன் என்ற கோட்டைப் படம் அழிக்கவில்லை. காவலாளியை ஏமாற்றிவிட்டுத் தாண்டிச் செல்கிறது.

அப்படித் தாண்ட முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அங்கே குறுக்கே நிற்பது பணம் மட்டுமே. சாதி என்ற பேச்சே எழவில்லை. பணத்தை நடித்துக் காட்டலாம். சாதிக்கு அப்படி ஒரு தந்தையை இரவல் வாங்க முடியாது.

படத்தின் எஸ்டேட் காட்சிகள் பொள்ளாச்சியை அடுத்த ஆழியாறு பகுதியில் எடுக்கப்பட்டவை. அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத உடுமலைப்பேட்டையில், 2016 மார்ச் 13 அன்று, சாதி கடந்து மணந்த இளம் தம்பதி பட்டப்பகலில், நடுவீதியில் வெட்டப்பட்டனர். கணவர் உயிரிழந்தார், அவர் தலித். 2004இல் வந்த ‘காதல்’ படத்தில், சென்னைக்கு ஓடிவந்த மதுரை மெக்கானிக்கின் காதல் அவன் மனநிலை பிறழ்வதில் முடிந்ததை மிகை என்று யாராலும் தள்ள முடியவில்லை.

வயது வந்த இருவர் மணம்புரியக் குடும்பத்தின் சம்மதமோ சமூகத்தின் சம்மதமோ தேவையில்லை என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்களைப் பாதுகாக்கும் பொறுப்பையும் அரசுகளிடம் ஒப்படைத்தது. மெரினாவிலும் பெசன்ட் நகர்க் கடற்கரையிலும் வெயிலுக்குத் துப்பட்டாவைக் கூரையாக்கி அமர்ந்திருக்கும் இணைகளைப் பார்க்கிறேன். ஊரின் கண்களுக்குத் தப்பி வந்தவர்கள் அவர்களில் எத்தனை பேரோ! அவர்களுக்கு வேண்டியது, வேடமிட்டு வரும் ஒரு நண்பன் அல்ல. புகாரோடு காவல் நிலையப் படியேறினால், பெற்றோரை அழைத்து ஒப்படைத்துவிடாமல் காக்கும் ஓர் அரசு.