டோஃபுவில் நீர் வடிந்தால் கார்ன்ஃப்ளார் எதற்கு?

கார்போஹைட்ரேட்டைக் குறைத்து உண்ணும் முறைக்கு எல்லோரும் ஏற்கும் ஒரே வரையறை இல்லை. நாளொன்றுக்கு 130 கிராமுக்குக் கீழே அதை உண்பதைப் பொதுவாக இப்பெயரால் குறிப்பர். 20 முதல் 50 கிராம் வரை இறக்கி, உடல் தன் எரிபொருளுக்குக் கொழுப்பையே நம்பும்படி செய்யும் கடுமையான வடிவம் கீட்டோ எனப்படுகிறது. 100 கிராம் சோற்றில் ஏறத்தாழ 28 கிராம் கார்போஹைட்ரேட் இருப்பதால், எந்த வடிவமானாலும் முதலில் குறைவது சோறுதான். அசைவம் உண்போர் அந்த இடத்தை முட்டை, மீன், கோழி ஆகியவற்றால் நிரப்பிக்கொள்கின்றனர். சைவ உணவினரின் நிலை அவ்வளவு எளிதன்று. அவர்கள் புரதத்துக்கு நம்பியிருக்கும் துவரம்பருப்பும் கொண்டைக்கடலையும் தம்மிடமுள்ள புரதத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கார்போஹைட்ரேட்டையும் சேர்த்தே தட்டுக்குக் கொண்டுவருகின்றன. பன்னீருக்கு அடுத்தபடியாக, கடைகளில் சோயா பன்னீர் என்ற பெயரிலும் கிடைக்கும் டோஃபு இங்கே கவனம் பெறுகிறது.

இம்முறையை நாடுவோரில் நீரிழிவு உள்ளவர்கள் கணிசமானோர் என்பதால், சமையலுக்கு முன் மருந்தைப் பற்றிச் சொல்லிவிடுவது நல்லது. இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர்கள் மருந்தின் அளவை மாற்றாமல் சோற்றை மட்டும் திடீரென்று குறைத்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் எஸ்ஜிஎல்டி2 தடுப்பான்களை எடுப்பவர்களுக்கோ, கீட்டோ அளவுக்கு இறங்கும்போது இரத்தத்தில் அமிலம் மிகும் கீட்டோஅசிடோசிஸ் என்னும் ஆபத்து உண்டு. தைராய்டு குறைபாட்டுக்கு லெவோதைராக்சின் எடுப்போர், சோயா அம்மருந்தின் உறிஞ்சலைக் குறைக்கக்கூடும் என்பதால், மாத்திரைக்கும் டோஃபுவுக்கும் இடையே சில மணி நேரம் விடவேண்டும். மூன்றுமே மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யவேண்டியவை.

சோயா மொச்சையும் ஒரு பயறுதான் என்னும்போது, அதிலிருந்து வரும் டோஃபுவில் மட்டும் கார்போஹைட்ரேட் ஏன் இவ்வளவு குறைவு என்ற கேள்வி எழுவது இயல்பு. துவரையும் கடலையும் முளைக்கும் செடிக்கான ஆற்றலைப் பெரும்பாலும் ஸ்டார்ச்சாகச் சேமிக்கின்றன; சோயாவோ எண்ணெயாகச் சேமிக்கிறது. 100 கிராம் உலர்ந்த சோயாவில் ஏறத்தாழ 36 கிராம் புரதமும் 20 கிராம் கொழுப்பும் 30 கிராம் கார்போஹைட்ரேட்டும் உள்ளன. அந்த 30 கிராமில் ஸ்டார்ச் மிகச் சொற்பம். மீதியெல்லாம் நார்ப்பொருளும், நீரில் கரையும் சுக்ரோஸ், ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் போன்ற சர்க்கரைகளுமே. ஊறவைத்து அரைத்துக் காய்ச்சிய சோயாப் பாலை வடிகட்டும்போது நாரின் பெரும்பகுதி சக்கையோடு போய்விடுகிறது. பாலைத் திரித்துக் கட்டியாக அழுத்தும்போது சர்க்கரையில் கணிசமான பங்கு வடியும் நீரோடு வெளியேறுகிறது. எஞ்சிய கெட்டி டோஃபுவில் 100 கிராமுக்கு 2 முதல் 3 கிராம் கார்போஹைட்ரேட்டே இருக்கிறது. தமிழ்ச் சமையலறைக்கு நன்கு பழகிய மீல் மேக்கரும் சோயாதான் என்றாலும், எண்ணெய் எடுத்த சோயா மாவிலிருந்து எதையும் வடிகட்டாமல் செய்யப்படுவதால், அதன் உலர்ந்த நிலையில் 100 கிராமுக்கு 30 கிராமுக்கு மேல் கார்போஹைட்ரேட் தங்கிவிடுகிறது. இரண்டையும் ஒன்றாகக் கருதிச் சமைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

டோஃபு வகைகளுக்கிடையே உள்ள வேறுபாடு பெரும்பாலும் நீரின் அளவைப் பொறுத்தது. அழுத்தி நீர் இறக்கிய கெட்டி வகையில் 100 கிராமுக்கு 15 கிராமுக்கு மேல் புரதம் இருக்க, அழுத்தாமல் பெட்டிக்குள்ளேயே உறையவிடும் பட்டு டோஃபுவில் அது பாதிகூட இருப்பதில்லை. பாலைத் திரிக்கச் சேர்த்த பொருளும் பொதியுறையில் எண்ணாகக் குறிக்கப்பட்டிருக்கும்: 516 என்பது கால்சியம் சல்ஃபேட், 511 மக்னீசியம் குளோரைடு, 575 பட்டு டோஃபுவுக்கு உதவும் குளுக்கோனோ டெல்டா லாக்டோன். பால் பொருள்களைத் தவிர்ப்பவர்கள் 516 உள்ளதைத் தேர்வது பொருத்தம், ஏனெனில் அதில் கால்சியம் கணிசமாகக் கூடுகிறது.

சமையலில் டோஃபு தரும் தொல்லைகள் அனைத்தும் இந்த நீரிலிருந்தே வருகின்றன. மேற்பரப்பில் ஈரம் உள்ளவரை அதன் வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதில்லை. புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து பொன்னிறமும் வறுவல் மணமும் தரும் மெய்லார்ட் வினையோ ஏறத்தாழ 140 டிகிரியில்தான் வேகம் பிடிக்கிறது. இதனால் துண்டுகள் வெளுத்து, கல்லில் ஒட்டி, உடைந்துபோகின்றன. உணவகங்கள் இதற்குக் கண்டுள்ள குறுக்குவழி, ஈரத்தை உறிஞ்சி மொறுமொறுப்பான தோலாக மாறும் கார்ன்ஃப்ளாரில் புரட்டிப் பொரிப்பது. ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளாரில் ஏறத்தாழ 7 கிராம் கார்போஹைட்ரேட் உண்டு என்பதால், தாராளமாகப் புரட்டிய ஒரு தட்டு டோஃபுவில் மேல்பூச்சின் கார்போஹைட்ரேட் டோஃபுவினுடையதை எளிதில் மிஞ்சிவிடுகிறது. நீரை முன்கூட்டியே வெளியேற்றியவர்களுக்கு இந்த மாவின் தேவையே எழுவதில்லை.

வெளியேற்றும் வழிகளில் எளியது, கட்டியைத் துணியில் சுற்றி அதன்மேல் கனமான பாத்திரத்தை அரைமணி நேரம் வைப்பது. நறுக்கிய துண்டுகளை உப்பிட்ட சுடுநீரில் பத்து நிமிடம் வைத்து, எடுத்துத் துடைக்கும் முறை முரணாகத் தோன்றலாம். ஆயினும் அந்தச் சூட்டில் புறப்பகுதி இறுகுவதோடு உப்பும் ஏறுகிறது. மூன்றாவது வழியே மிகச் சுவையானது. டோஃபுவை உறையவைத்தால் உள்ளே உருவாகும் பனிப்படிகங்கள் புரத வலையைத் தள்ளி விரிக்கின்றன. உருகியபின் கையால் பிழிந்தால் நீரின் பெரும்பகுதி வடிந்து, கட்டி பஞ்சுபோல் துளைகளோடு நிற்கும். ஜப்பானின் வாக்கயாமா மாநிலத்தில் பௌத்த மடங்கள் நிறைந்த கோயா மலையின் பெயராலேயே அறியப்படும் கோயா டோஃபு, இவ்வாறு உறையவைத்து உலர்த்தியதுதான். அதன் எடையில் பாதியளவு புரதமே. வீட்டு உறைபெட்டியிலும் இதைப் பாதிவரை செய்யமுடியும். சாதாரண டோஃபு குழம்பில் மிதந்தும் குழம்பை உள்வாங்காமல் நிற்பதாகக் குறைகூறுவோர், உறையவைத்துப் பிழிந்ததைப் புளிக்குழம்பில் போட்டுப் பார்க்கலாம்.

வறுக்கும்போதும் முதலில் எண்ணெயில்லாத இரும்புக் கல்லில் மிதமான தீயில் போட்டு, ஆவி எழுவது அடங்கியபின் எண்ணெய் விடுவது நல்லது. பொன்னிறம் வரும்வரை புரட்டக்கூடாது என்பதைச் சமையல் குறிப்புகள் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகின்றன.

கார்ன்ஃப்ளாரின்மீது பழி அனைத்தையும் சுமத்துவதும் முறையன்று. சீனாவின் செங்டு நகரத்து மாப்போ டோஃபுவில் காரமான குழம்பு துண்டுகளில் ஒட்டிநிற்க, இறுதியில் ஸ்டார்ச் கரைசல் ஊற்றப்படுகிறது; ஒரு கரண்டி மாவு நால்வருக்குப் பகிரப்படும்போது தலைக்கு 2 கிராம்கூட வராது. அதோடு உண்ணும் ஒரு கிண்ணம் சோறும், இந்தோ சீன வகைகளில் சேரும் இனிப்புச் சாஸ்களுமே உண்மையில் கணக்கைக் கெடுக்கின்றன. யாங்சோ நகரத்திலோ, நன்கு அழுத்திய டோஃபுவை நூல்நூலாக அரிந்து சாற்றில் வேகவைத்து உண்பது பழைய வழக்கம். நூடுல்ஸை விட்டவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான மாற்றைப் புதிய சந்தைப் பொருள்களில் தேடவேண்டியதில்லை.

தமிழ்நாட்டுச் சமையலில் டோஃபுவைப் பன்னீரின் இடத்தில் வைத்துப் பார்ப்பதே வழக்கமாக இருக்கிறது. அதைவிட, நீர் பிழிந்து உதிர்த்து, கடுகு, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள்தூளோடு முட்டைப் பொரியல்போல் வதக்குவது பலனளிக்கும். கந்தக மணமுடைய கருப்பு உப்பைச் சிறிது தூவினால் முட்டையின் வாடையும் வந்துவிடும். நீர் நிறைந்த பட்டு டோஃபுவுக்கு வேறு பயன் உண்டு. மோர்க்குழம்பு கெட்டிப்பட ஊறவைத்த துவரம்பருப்பையோ அரிசியையோ தேங்காயோடு அரைப்பது வழக்கமென்றால், அந்தப் பருப்பின் இடத்தில் பட்டு டோஃபுவை அரைத்துச் சேர்க்கலாம். குருமாவில் முந்திரி விழுதின் இடத்திலும் அதுவே போதும். தயிரின் புளிப்பும் தேங்காயும் சீரகமும் சேர்ந்தபின் சோயாவின் பச்சை வாடை பெரிதாகத் தெரிவதில்லை. மோர்க்குழம்பை மட்டும் தீயைக் குறைத்து, பொங்கி வருமுன் இறக்கிவிடவேண்டும்.