சாரலிலும் ஓடும் சூரியப் படகு

குற்றாலத்துக்கு நீங்கள் போயிருப்பீர்கள். போகாதவர்களும், "இந்த ஆனியிலாவது போய்விட வேண்டும்" என்று வருஷா வருஷம் திட்டம் போட்டிருப்பீர்கள். தென்காசியில் இறங்கும்போதே சாரல் வந்து முகத்தைத் தடவும். மலை எங்கே முடிகிறது, மேகம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. சீசன் உச்சத்தில் நாலு நாள் தங்கி, அதற்குள் ஒரு தடவை சூரியனைப் பார்த்துவிட்டால் அது உங்கள் பாக்கியம்!

அந்தச் சாரலில் நின்றுகொண்டு ஒருவர், "ஐயா, இங்கே வெயிலால் ஓடும் படகு விடலாமா?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? "முதலில் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு அருவியில் ஒரு மணி நேரம் நில்லும். எல்லாம் தெளிந்துவிடும்" என்றுதான் சொல்வீர்கள்.

சிரிக்க வேண்டாம். மலைக்கு அந்தப் பக்கம், நம்மைவிடப் பலமாக மழை பெய்கிற சீமையில், அப்படி ஒரு படகு ஓடிக் காட்டிவிட்டது!

வைக்கத்துப் படகு

தென்காசியில் ரயில் ஏறினால் செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூர் என்று மலையைக் குடைந்துகொண்டு போய்க் கொல்லத்தில் இறங்கலாம். அங்கிருந்து வடக்கே போனால் வைக்கம். 1924-இல் தொடங்கிய சத்தியாக்கிரகத்தால் தமிழர்களுக்கெல்லாம் தெரிந்த ஊர். ஊரின் ஓரத்தில் வேம்பநாட்டு ஏரி, அக்கரையில் தவணக்கடவு. நடுவே சுமார் 2.5 கிலோமீட்டர் தண்ணீர்.

இந்தத் துறையில் 2017 ஜனவரியில் கேரள சர்க்காரின் நீர்ப் போக்குவரத்து இலாகா 'ஆதித்யா' என்ற படகை விட்டது. சூரியனுக்குப் பேரே ஆதித்யன்தானே! 75 பேர் உட்காரலாம். நீளம் 20 மீட்டர். கூரை முழுவதும் சூரியத் தகடுகள். அவற்றின் சக்தி 20 கிலோவாட். படகைக் கட்டிய 'நவால்ட்' கம்பெனியை நிறுவிய சந்தித் தண்டாசேரி, சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் கலை படித்தவர். 2020-இல் இந்தப் படகுக்கு குஸ்தாவ் துரூவே விருது என்ற சர்வதேசப் பரிசும் கிடைத்தது.

யார் அந்த துரூவே? 1881-இல் பாரிஸ் நகரத்து ஸேன் நதியில் மின்சாரப் படகு ஓட்டிக் காட்டியவர். அவருக்கும் முன்னால், 1838-இல், ரஷ்யாவின் நேவா நதியில் யகோபி என்ற விஞ்ஞானி பாட்டரியால் படகு செலுத்தினார். ஆக, மின்சாரப் படகு புதுச் சரக்கல்ல. மின்சாரத்தைச் சேர்த்து வைக்கத் தோதான பாத்திரம்தான் அன்று கிடைக்கவில்லை.

பொங்குமாங்கடல்

நமது கேள்விக்கு வருவோம். மேகம் மூடினால் படகு என்ன செய்யும்?

பேரருவியில் குளித்தபோது அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து வரும் தண்ணீர் நேராக உங்கள் தலையில் விழுவதில்லை. விழுந்தால் தலை இருக்காது! பாறையின் நடுவே பொங்குமாங்கடல் என்ற ஆழமான குடைவு இருக்கிறது. தண்ணீர் முதலில் அதில் விழுந்து, வேகம் அடங்கி, பொங்கி வழிந்து, பிறகுதான் நம் தோளைத் தட்டிக் கொடுக்கிறது.

சூரியப் படகின் பாட்டரியும் ஒரு பொங்குமாங்கடல்தான். தகட்டிலிருந்து மின்சாரம் ஒழுங்காக வராது. வெயில் அடித்தால் கொட்டும். மேகம் வந்தால் சொட்டும். அதையெல்லாம் பாட்டரி வாங்கி வைத்துக்கொண்டு மோட்டாருக்கு ஒரே சீராகத் தருகிறது. ஆதித்யாவின் பாட்டரி சுமார் 50 யூனிட் கொள்ளும். நல்ல வெயில் நாளில் 20 கிலோவாட் தகடுகள் ஏறக்குறைய 80 யூனிட் தரும். மழை நாளில் குறையும். குறைந்ததைக் கரையில் கட்டியிருக்கும்போது சாதாரண மின்சாரத்தால் நிரப்பிக்கொள்ளலாம்.

நிதானமும் வேண்டும். தண்ணீரில் வேகத்தை இரு மடங்காக்க, சக்தி ஏறக்குறைய எட்டு மடங்கு தேவை! அதனால்தான் ஆதித்யா மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டரில் சாவதானமாகப் போகும்படி அமைக்கப்பட்டது.

வோல்ட் எதற்கு உயர வேண்டும்?

வோல்ட் என்பது அருவியின் உயரம். ஆம்பியர் என்பது விழும் தண்ணீரின் அளவு. உயரம் குறைவானால், அதே வேலையைச் செய்ய நிறையத் தண்ணீர் வேண்டும். மின்சாரமும் அப்படியே. 20 கிலோவாட் மோட்டாரை 48 வோல்ட்டில் ஓட்டினால் 400 ஆம்பியருக்கு மேல் பாயும். கம்பி மிகவும் பருமனாகிவிடும். அதையே 320 வோல்ட்டில் ஓட்டினால் 63 ஆம்பியர் போதும். அதே கம்பியில் வீணாகும் சூடு 40-இல் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும்!

அந்த 320 வோல்ட்டை எப்படிச் செய்வது? லிதியம் இரும்பு பாஸ்பேட் அறை ஒன்று 3.2 வோல்ட் தரும். நூறு அறைகளைக் கைகோத்து நிற்க வைத்தால் 320. ஒவ்வொன்றும் 160 ஆம்பியர்-மணி கொள்வதாக இருந்தால், மொத்தம் 51 யூனிட். கணக்கு எவ்வளவு சுலபம், பார்த்தீர்களா?

ஏன் லிதியம்? உலோகங்களிலேயே லேசானது அது. ஈய பாட்டரி அதே மின்சாரத்துக்கு மூன்று, நான்கு மடங்கு கனக்கும். படகு தன் பாட்டரியைச் சுமக்கவே பாடுபட வேண்டியிருக்கும். 1991-இல் கடைக்கு வந்த லிதியம் பாட்டரிக்கு வழிவகுத்த குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது.

விசில் ஊதும் காவல்காரர்

கணக்கு சுலபம். காவல்தான் கஷ்டம்.

நூறு அறைகளும் ஒரே சமயத்தில் நிரம்புவதில்லை. ஒரே சமயத்தில் காலியாவதுமில்லை. 'மொத்தம் 320 இருக்கிறதே' என்று நாம் நிம்மதியாக இருக்கும்போது ஓர் அறை மட்டும் தன் எல்லையான 3.65 வோல்ட்டைத் தாண்டியிருக்கலாம். இன்னொன்று 2.5-க்குக் கீழே துவண்டிருக்கலாம். ஆகவே ஒவ்வோர் அறைக்கும் ஒரு கம்பி வைத்து, வோல்ட்டையும் சூட்டையும் ஓயாமல் பார்க்கும் மேற்பார்வைக் கருவி ஒன்று உண்டு. மிஞ்சியதைக் குறைத்து எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும். ஆபத்து என்றால் இணைப்பையே துண்டித்துவிடும்.

பேரருவியில் வெள்ளம் பாதுகாப்பு வளைவைத் தாண்டினால் போலீஸ்காரர் விசில் ஊதி எல்லோரையும் வெளியேற்றுகிறார் அல்லவா? "இவ்வளவு தூரம் வந்தும் குளிக்க விடவில்லையே!" என்று நாம் முணுமுணுக்கிறோம். 2024 மே மாதத்தில் பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனதை நினைத்தால், அந்த விசிலின் அருமை தெரியும். படகில் விசில் ஊதுவது இந்தக் கருவி. அதை ஏமாற்றி ஓட்ட நினைப்பவன் உயிரோடு விளையாடுகிறான்.

இன்னும் சில காவல்கள் உண்டு. பாட்டரியின் இரண்டு முனைகளில் எதையும் படகின் உடலோடு இணைக்கக் கூடாது. ஈரத்தால் எங்காவது கசிவு ஏற்பட்டால் உடனே சொல்ல ஒரு கருவி வேண்டும். சுவிட்சைப் போட்டவுடன் முழு வேகத்தில் மின்சாரம் பாய்ந்தால் இணைப்பு முனைகளே உருகி ஒட்டிக்கொள்ளும். ஆகையால் முதலில் ஒரு தடையின் வழியாக மெல்ல விட்டு, பிறகுதான் வாசலைத் திறக்க வேண்டும். பியூஸும் சுவிட்சும் நேர்மின்சாரத்துக்கென்றே செய்தவையாக இருக்க வேண்டும். வீட்டு மின்சாரம் விநாடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொட்டு மீளும். பொறி அணைய அதனால் வழியுண்டு. நேர்மின்சாரத்தின் பொறி லேசில் அணையாது.

2019 அக்டோபரில் நார்வே நாட்டில் ஒரு படகின் பாட்டரி அறையில் தீப்பிடித்தது. ஆட்கள் பத்திரமாகக் கரையேறினார்கள். 'அப்பாடா!' என்று மூச்சு விட்ட மறுநாள், உள்ளே தேங்கிய வாயு பெருஞ்சத்தத்துடன் வெடித்தது. பாட்டரி அறைக்கு வெளியே திறக்கும் புகைவழி ஏன் வேண்டும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். இரும்பு பாஸ்பேட் சுலபத்தில் தீப்பற்றாத சாதி என்பது உண்மை. ஆனாலும் சாதுவான பசுவுக்கும் கட்டுத்தறி வேண்டுமே!

வீட்டில் கெட்டிக்காரப் பிள்ளைகள் இருப்பார்கள். பழைய லிதியம் அறைகளை வாங்கி அடுக்கத் துடிப்பார்கள். ஆர்வத்தைத் தடுக்காதீர்கள், ஆனால் 60 வோல்ட்டுக்கு மேலான நேர்மின்சாரம் ஆளைக் கொல்லும் என்பதைச் சொல்லிவிடுங்கள்.

நம் குளத்தில்?

ஐந்தருவிக்குப் போகும் வழியில் வெண்ணமடைக் குளம் இருக்கிறது. சீசனில் நிரம்பினால் படகு சவாரி களைகட்டும். குடும்பமாகப் போகிற சின்னப் படகுக்கு 320 வோல்ட் எதற்கு? பதினாறு அறைகள், 51 வோல்ட் போதும். ஆபத்தும் அந்த அளவுக்குக் குறைவு. புகையில்லை, இரைச்சலில்லை; குழந்தை 'குரங்கு, குரங்கு!' என்று கூவுவது அக்கரைக்கே கேட்கும். உயர்ந்த வோல்ட் பெரிய படகுக்கு. எதற்கு எவ்வளவு வேண்டும் என்று அறிவதும் விஞ்ஞானம்தான்.

அடுத்த முறை பேரருவியில் நிற்கும்போது ஒரு கணம் மேலே பாருங்கள். மலையின் வேகத்தையெல்லாம் தான் வாங்கிக்கொண்டு, தாங்கக்கூடியதை மட்டும் உங்கள் தோளுக்கு அனுப்புகிறதே பொங்குமாங்கடல், அதைப்போல் ஒன்றைப் பெட்டிக்குள் செய்யத்தான் மனிதன் இத்தனை பாடுபடுகிறான். நிறையச் சேர்ப்பதில் இல்லை சாமர்த்தியம். சேர்த்ததை அடக்கி வைப்பதில் இருக்கிறது!