அலமேலு என்னும் திருநாமம்

பாட்டிமார் காலத்துப் பெயர் என்று இன்று பலரும் ஒதுக்கிவைத்துவிட்ட அலமேலு என்னும் நாமத்தைத் தெலுங்கு தேசத்துப் பெயர் என்று எண்ணுவோர் உண்டு. ஆனால் அதன் மூலமாகிய ‘அலர்மேல்மங்கை’ என்ற தொடர், ஒவ்வோர் அங்கமும் சுத்தத் தமிழாக, விரிந்த தாமரையின்மீது எழுந்தருளியிருக்கும் மகாலக்ஷ்மியைக் குறிப்பது. அதனை நம்மாழ்வார், திருவாய்மொழியின் ஆறாம் பத்தில், திருவேங்கடமுடையானைச் சரணம் புகும் பாசுரத்திலேயே வைத்துப் பாடியிருக்கிறார் என்பது நினைக்க நினைக்க நெஞ்சை நிறைக்கும் விஷயம்.

வேங்கடம் தமிழுக்கு வட எல்லையாதலால், அங்குள்ள தெய்வத்தின் பெயர் இரு மொழியார்க்கும் உரிமையாயிற்று. திருப்பதிக்கு அருகே திருச்சானூரில் பத்மாவதி என்ற வடமொழித் திருநாமத்தோடு கோயில் கொண்டிருக்கும் தாயாரையே, பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அன்னமாசாரியர் தம் தெலுங்குக் கீர்த்தனங்களில் ‘அலமேலுமங்க’ என்று உருகி உருகி அழைத்தார். அலரின் ரகரம் கரைந்து, மேல் என்பது உகரம் பெற்று நீண்ட அந்த வடிவம், தமிழ்நாட்டு வீடுகளில் பின்பாதியை உதிர்த்து அலமேலுவாகி, செல்லமாகச் சுருங்கி அலமுவும் ஆயிற்று. மங்கை மறைந்து மலர் மட்டும் எஞ்சிற்று என்றாலும், அழைப்பவர் மனத்தில் தாயார் இருக்கத்தான் செய்தாள். கன்னட நாட்டிலும் இப்பெயருக்கு ஒரு கதை உண்டு: மைசூர் அரசகுலத்துக்குச் சாபமிட்டதாகச் சொல்லப்படும் ஸ்ரீரங்கப்பட்டணத்து ராணி, அலமேலம்மா.

சென்ற தலைமுறைகளில் தாமரையைச் சார்ந்த பெயர்களுக்கு இருந்த செல்வாக்கு, 1890களில் தோன்றிய நம் ஆரம்பகால நாவல்களில் இரண்டு, ‘கமலாம்பாள் சரித்திரம்’ என்றும் ‘பத்மாவதி சரித்திரம்’ என்றும் பெயர் பூண்டதிலிருந்தே விளங்கும்.

அலமேலுவைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்தது, பாட்டியின் பெயரைப் பேத்திக்கு இடும் சம்பிரதாயம். புண்ணியாகவாசனத்தன்று தாம்பாளத்தில் பரப்பிய பச்சரிசியில் தகப்பனார் தம் தாயாரின் பெயரை விரலால் எழுதி, குழந்தையின் காதில் மெதுவாக ஓதுவார். பெற்றவளோ, மாமியார் பெயரை வாயால் சொல்வது மரியாதையன்று என்று கருதிய காலமாதலால், அம்முலு என்றோ பட்டு என்றோ வேறொரு பெயரால் அந்தக் குழந்தையைக் கூப்பிடுவாள். பள்ளிக்கூடத்து ரிஜிஸ்தரில் அரிசியில் எழுதிய பெயரே ஏறியவரை அலமேலுவுக்குக் குறைவில்லை. கதைகளும் சினிமாவும் புதுப் பெயர்களைக் கொண்டுவந்து குவித்த பிறகு, பெற்றோர் விரும்பிய பெயர் ரிஜிஸ்தருக்குப் போயிற்று. பாட்டியின் பெயர் சடங்கோடு நின்றுவிட்டது.

இதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. பொருளும் ஓசையும் பக்தியும் இவ்வளவு இசைந்து அமைந்த பெண்பெயர்கள் எந்த மொழியிலும் ஏராளமாக இருக்க முடியாது. பரதநாட்டிய மேடையில் உலகப் புகழ் பெற்ற அலர்மேல்வள்ளியின் பெயர், அந்தப் பழைய தமிழ்த் தொடர் இக்காலத்துக்கும் எவ்வளவு கம்பீரமாகப் பொருந்துகிறது என்பதற்குச் சான்று. பெண் குழந்தைக்குப் பெயர் தேடும் இளந்தம்பதிகள், அலர்மேல்மங்கை என்ற முழு வடிவத்தையே தயங்காமல் வைக்கலாம். நீளமாயிருக்கிறதே என்று நினைத்தால், வீட்டில் கூப்பிட அலமு என்ற மூன்றெழுத்து இருக்கவே இருக்கிறது.