கம்பூசியாவா, நம்ம ஊர் மீனா? தலையைப் பாருங்கள்!

ஆலங்குளம், சிவகாசி வட்டாரத்தில் டெங்கு பயம் வந்தாலே, ‘தொட்டியில் கம்பூசியா மீன் விடலாமா?’ என்ற கேள்வியும் வந்துவிடும். அமெரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட இந்த மீன், 1928-ல் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்கு வந்தது. கொசுப்புழுவைத் தின்னும் என்பது உண்மைதான். ஆனால் கண்மாய்க்குள் போய்விட்டால் மற்ற மீன்களின் முட்டை, குஞ்சு, தலைப்பிரட்டை என எதையும் விட்டுவைக்காது. உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்கள் பட்டியலிலும் இதற்கு இடம் உண்டு.

கொசுப்புழு தின்னும் மீன் நம் நாட்டிலேயே இருக்கிறது. பெயர், அப்லோகைலஸ். கேரளத்தில் ‘மானத்துக்கண்ணி’ என்பார்கள். இரண்டுமே விரலளவுதான், மேல்நோக்கிய வாயோடு நீர்மட்டத்தை ஒட்டியே நீந்தும். எப்படிப் பிரித்தறிவது?

* தலை: அப்லோகைலஸின் உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு மின்னும். மேலிருந்து பார்த்தாலே தெரியும். கம்பூசியாவுக்கு அது கிடையாது.

* அடித்துடுப்பு: ஆண் கம்பூசியாவுக்கு வயிற்றை அடுத்துள்ள துடுப்பு குச்சிபோல நீண்டிருக்கும். அப்லோகைலஸில் ஆண், பெண் இரண்டுக்கும் அது அகலமானது.

* வயிறு: பெண் கம்பூசியா குட்டி போடும். சினையாக இருக்கும்போது பின்வயிற்றில் கரும்புள்ளி தெரியும். அப்லோகைலஸ் நீர்ச்செடிகளில் முட்டையிடும்.

தொட்டியைக் கழுவும்போது பொட்டில்லாத மீனைக் கண்மாயிலோ ஓடையிலோ கொட்டிவிடாதீர்கள். குட்டி சுமக்கும் ஒரே ஒரு பெண் மீன் போதும், அங்கே ஒரு கூட்டமே உருவாகிவிடும்!