மருந்தை மட்டுமல்ல, விளக்கத்தையும் கேட்டு வாங்குங்க!

மருந்துக் கடைக்குப் போறோம். சீட்டை நீட்டுறோம். காசு கொடுத்து, கவரை வாங்கிட்டு வந்துடுறோம். அங்கே இருக்கும் மருந்தாளுநரிடம் ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. ஆனால் பார்மசி கல்லூரிகளில் ஆசிரியர்கள் சொல்லித் தருவது வேறு. மருந்தை எடுத்துக் கொடுப்பது பாதி வேலைதான்; அதை எப்படிச் சாப்பிடணும்னு நோயாளிக்குப் புரிய வைப்பதுதான் மீதி வேலை.

விதி என்ன சொல்கிறது?

1948-ஆம் ஆண்டு பார்மசி சட்டப்படி, டாக்டர் சீட்டுக்கு மருந்து வழங்க வேண்டியவர் பதிவு பெற்ற மருந்தாளுநரே. நோயாளிக்கு ஆலோசனை சொல்வதும் அவர் பணி என்கின்றன 2015-ஆம் ஆண்டு பார்மசி நடைமுறை விதிகள். வெள்ளைக் கோட்டும், பெயர், பதிவு எண் கொண்ட பேட்ஜும் அவரது அடையாளம். 2008-இல் தொடங்கிய 6 ஆண்டு பார்ம்.டி. படிப்பில் மாணவர்கள் மருத்துவமனை வார்டுகளிலேயே பயிற்சி பெறுகிறார்கள்.

ஏன் கேட்கணும்?

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போடுறோம். சளிக்கு வாங்கும் மாத்திரை பலவற்றிலும் அதே பாராசிட்டமால் இருக்கும். அளவு மீறினால் கல்லீரல் கெடும்.

தைராய்டு மாத்திரையைக் கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளோடு சேர்த்துப் போட்டால் பலன் குறையும். 4 மணி நேரம் இடைவெளி வேணும்.

ரத்த அழுத்தத்துக்கு ஒரு டாக்டர், மூட்டுவலிக்கு இன்னொரு டாக்டர் என்று பார்ப்பவர்கள் உண்டு. சில வலி மாத்திரைகள் ரத்த அழுத்தத்தைக் கூட்டும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். இரண்டு சீட்டையும் ஒன்றாகக் காட்டினால் மருந்தாளுநர் கண்டுபிடித்துச் சொல்ல முடியும். சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் பேசி உறுதி செய்வார். நோயைக் கண்டறிவது அவர் வேலையல்ல. மருந்து வாய்க்குப் போகும் முன் நடக்கும் கடைசிச் சரிபார்ப்பு அவருடையது.

இந்த 5 கேள்விகளைக் கேளுங்க

1. இது எதுக்கான மருந்து?
2. சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?
3. எத்தனை நாள் போடணும்?
4. ஒரு வேளை மறந்துட்டா என்ன செய்யணும்?
5. நான் ஏற்கெனவே போடும் மாத்திரைகளோடு ஒத்துப்போகுமா?

கர்ப்பிணிகளும், தாய்ப்பால் கொடுப்பவர்களும், மருந்து அலர்ஜி உள்ளவர்களும் அதை முதலிலேயே சொல்லிடுங்க.

செல்போனை இப்படிப் பயன்படுத்தலாம்

• வீட்டில் போடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் படம் எடுத்து வைங்க. கடையில் காட்டுங்க.

• அதிகம் விற்கும் 300 பிராண்டு மருந்துகளில், 1.8.2023 முதல் தயாரானவற்றில் பார்கோடு அல்லது க்யூஆர் கோடு கட்டாயம். ஸ்கேன் செய்தால் தயாரிப்பாளர், பேட்ச் எண், காலாவதித் தேதி தெரியும்.

• மருந்தால் பக்கவிளைவு வந்தால் உடனே டாக்டரைப் பாருங்க. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் பொதுமக்களும் புகாரைப் பதிவு செய்யலாம்.

அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீங்க. கடையில் கூட்டமா இருக்கேன்னு தயங்கவும் வேண்டாம். விளக்கம் கேட்பது உங்கள் உரிமை.