அழிக்கும் முன் எடுத்துவைக்க வேண்டியவை

ஒருவருடைய பெயரையும் படத்தையும் எடுத்து வேறொருவர் ஃபேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ தொடங்குவது போலிக் கணக்கு. வாட்ஸ்ஆப்பில் உரியவரை வெளியே தள்ளிவிட்டு அவருடைய எண்ணையே கைப்பற்றுவது இன்னொரு வகை. இரண்டும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்: "கொஞ்சம் அவசரம், ஜிபேயில் பத்தாயிரம் போட முடியுமா? சாயங்காலம் தந்துவிடுகிறேன்" என்ற செய்தி. ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் பெயரில் அது பழைய மாணவர்களுக்குப் போகிறது. வீட்டிலிருந்தபடி சேலை விற்கும் பெண்ணின் இன்ஸ்டாகிராம் படங்கள் அத்தனையும் வேறொரு பக்கத்தில் ஏறுகின்றன. பெயரில் ஒரு புள்ளி மட்டும் கூடுதல். வாடிக்கையாளர் அந்தப் புள்ளியைக் கவனிப்பதில்லை. முன்பணம் போன பிறகு அசல் வியாபாரியைத்தான் திட்டுகிறார்.

சட்டத்தில் குறையில்லை. பிறருடைய கடவுச்சொல்லையோ அடையாளத்தையோ மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் குற்றம். கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது 66டி பிரிவில் வரும். இரண்டுக்கும் மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. புகார்கள் பல நிற்காமல் போவதற்குக் காரணம் வேறு. முதல் சில மணி நேரத்தில், பாதிக்கப்பட்டவரே தம் கையால் சாட்சியத்தை அழித்துவிடுகிறார்.

வெட்கத்திலும் கோபத்திலும் ஏமாற்றியவரின் எண்ணை பிளாக் செய்கிறார்கள், உரையாடலை அழிக்கிறார்கள். சொந்தக்காரர்கள் நாற்பது பேர் சேர்ந்து போலிப் பக்கத்தை ரிப்போர்ட் செய்கிறார்கள். பக்கம் மறைகிறது, எல்லோரும் நிம்மதியடைகிறார்கள். பிறகு காவல் நிலையத்தில் "அந்தப் பக்கத்தின் முகவரி என்ன?" என்று கேட்டால் பதில் இல்லை. கையில் இருப்பது பெயரும் படமும் மட்டும் தெரியும் ஒரு ஸ்கிரீன்ஷாட். அதே பெயரும் படமும் ஆயிரம் கணக்குகளுக்கு இருக்கலாம். அந்தக் கணக்கை மட்டும் சுட்டுவது அதன் இணைய முகவரி. எனவே பக்கத்தின் இணைப்பை நகலெடுத்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கணக்குப் பெயர், செய்தி வந்த தேதி, நேரம், எண் ஆகியவை தெரியும்படி உரையாடலை முழுவதுமாகப் படம் பிடிக்க வேண்டும். அதன் பிறகே ரிப்போர்ட். அந்த ஃபோனை ரீசெட் செய்வதோ, பழசுக்குப் புதுசு என்று கடையில் கொடுத்துவிடுவதோ கூடாது.

பணம் போயிருந்தால் இந்த வேலைக்கும் முன்னதாகச் செய்ய வேண்டியது 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைப்பது. எந்தக் கணக்கிலிருந்து, எத்தனை மணிக்கு, எவ்வளவு போனது, எந்த யுபிஐ முகவரிக்குப் போனது என்ற விவரங்கள் கையில் இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், அந்தப் பரிமாற்றத்தின் 12 இலக்க எண். செயலியில் அந்தப் பரிமாற்றத்தைத் தொட்டால் அது தெரியும். அழைப்பு பதிவானதும் பணம் போய்ச்சேர்ந்த வங்கிக்குத் தகவல் போகிறது. அங்கே மிச்சமிருக்கும் தொகை நிறுத்தி வைக்கப்படுகிறது. பணம் அடுத்த வங்கிக்கு நகர்ந்திருந்தால் தகவலும் அதைத் துரத்திப் போகிறது. ஏமாற்றுபவர்கள் ஒரு கணக்கில் பணத்தை அதிக நேரம் விட்டுவைப்பதில்லை. வீட்டில் கூடிப் பேசி, மறுநாள் காலையில் அழைப்பவருக்கு நிறுத்தி வைக்க ஒன்றும் மிஞ்சாமல் போகலாம்.

1930க்கு அழைத்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பது அடுத்த தவறு. 24 மணி நேரத்துக்குள் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் முழுப் புகாரையும் ஆவணங்களோடு பதிய வேண்டும். அங்கே கிடைக்கும் ஒப்புகை எண்தான் பிறகு வங்கியிலும் நீதிமன்றத்திலும் கேட்கப்படுவது. வங்கியின் உதவி எண்ணை கூகுளில் தேடக் கூடாது. தேடலில் மேலே வரும் எண்களில் மோசடிக்காரர்களுடையவையும் இருக்கின்றன. ஒரு முறை ஏமாந்தவர் அதே நாளில் மறுபடி ஏமாறுவது இப்படித்தான். எண் ஏடிஎம் அட்டையின் பின்பக்கத்திலேயே இருக்கிறது. "போன பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் மட்டும் செலுத்துங்கள்" என்று யார் அழைத்தாலும் அதுவும் மோசடியே.

அடுத்தது காவல் நிலையம். தமிழ்நாட்டில் மாவட்டங்களிலும் மாநகரங்களிலும் இதற்கென்றே சைபர் கிரைம் காவல் நிலையங்கள் உள்ளன. "இது எங்கள் எல்லை இல்லை, அங்கே போங்கள்" என்று ஒரு நிலையம் இன்னொன்றைக் கைகாட்டுவது இன்னும் ஓயவில்லை. இதற்கு மன்னிப்பே கிடையாது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, கைது செய்யத்தக்க குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலை எந்த நிலையத்திலும் தரலாம் என்கிறது. மின்னஞ்சல் போன்ற மின்னணு வழியில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் கையொப்பமிட வேண்டும்.

நிலையத்தில் தரும் காகிதம் எது என்று படித்துப் பார்க்க வேண்டும். சி.எஸ்.ஆர். என்பது மனு வாங்கியதற்கான ரசீது மட்டுமே. வழக்குப் பதிவானதற்குச் சான்று எஃப்.ஐ.ஆர்.; அதன் நகலைக் கட்டணமின்றிப் பெறுவது புகார்தாரரின் உரிமை. சி.எஸ்.ஆர். சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு வழக்கு நடக்கிறது என்று மாதக்கணக்கில் காத்திருப்பவர்களுக்கு இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். வழக்குப் பதிய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலமாக, தபாலில் அனுப்பலாம். அங்கும் அசைவில்லையென்றால் நீதித்துறை நடுவரிடம் மனு செய்யலாம்.

வங்கிக் கிளைக்கும் அன்றே கடிதம் தந்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரோ வங்கியோ தவறு செய்யாமல் வெளியாள் வழியாகப் பணம் போயிருந்து, வங்கி அறிவித்த மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால், வாடிக்கையாளருக்கு இழப்புப் பொறுப்பு இல்லை. ஓடிபியைத் தானே சொன்னவர் அதுவரை போனதைத் தாங்க வேண்டும். ஆனால் தெரிவித்த நேரத்துக்குப் பின் போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் பொறுப்பு. அதனால்தான் அந்த முத்திரையும் தேதியும். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையம் வழியாகவே முறையிடலாம்.

நிறுத்தி வைக்கப்பட்ட பணம் பெரும்பாலும் தானாகத் திரும்பி வராது. எந்த வங்கியில் எவ்வளவு நிற்கிறது என்று விசாரணை அதிகாரியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதே சன்ஹிதாவின் 503ஆம் பிரிவின்கீழ் நடுவர் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். கேட்காதவருடைய பணம் நிறுத்தப்பட்ட இடத்திலேயே கிடக்கும்.

வாட்ஸ்ஆப் பறிபோனவர் பயந்து எண்ணை மாற்ற வேண்டியதில்லை. செயலியை மறுபடி நிறுவி, தம் எண்ணைக் கொடுத்து, எஸ்எம்எஸ்ஸில் வரும் ஆறு இலக்கக் குறியீட்டை உள்ளிட்டால் திருடியவர் உடனே வெளியேற்றப்படுவார். அவர் இரட்டைச் சரிபார்ப்பு எண் வைத்திருந்தால் ஏழு நாள் காத்திருக்க நேரும். அப்போதும் அவரால் அந்தக் கணக்கைத் தொடர்ந்து பயன்படுத்த முடியாது. கூரியர் ஆள் என்று பேசி *401* போன்ற எண்ணை அழுத்தச் சொல்லியிருந்தால், அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டிருக்கும். ##002# அழுத்தி அதை முதலில் நீக்க வேண்டும்.

போலிப் பக்கத்தை அகற்ற, அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்குப் பக்கத்தின் முகவரியோடு எழுத வேண்டும். 2021இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் ஆள்மாறாட்டப் புகாருக்கு 24 மணி நேரக் கெடு வைத்தன. அலுவலரின் பதில் திருப்தி தராவிட்டால் 30 நாளுக்குள் ஜிஏசி டாட் கவ் டாட் இன் தளத்தில் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். பள்ளிக் குழுவில் போட்ட குழந்தையின் படம் வேறெங்கோ போயிருந்தாலும் இதே வழியில் போகலாம்.

ஸ்கிரீன்ஷாட்டின் அச்சுப் பிரதியை மட்டும் நீதிமன்றத்தில் நீட்டினால் எடுபடாது. பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63(4) பிரிவு கேட்கும் சான்றிதழ் கூடவே வேண்டும். அதில் 'அ' பகுதி ஃபோனுக்கு உரியவர் கையொப்பமிடுவது, 'ஆ' பகுதி நிபுணர் கையொப்பமிடுவது. அசல் கருவி ஒப்படைக்கப்படாதபோது இந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று முந்தைய சாட்சியச் சட்டத்தின் காலத்திலேயே, 2020இல், உச்ச நீதிமன்றம் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் தெளிவாக்கிவிட்டது. திரும்பவும் சொல்ல வேண்டியிருக்கிறது: அந்த ஃபோனை விற்கக் கூடாது, அதில் எதையும் அழிக்கக் கூடாது.

குற்ற வழக்கு ஒருபுறம் நடக்க, இழப்பீடு கேட்கத் தனி வழியும் உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 46ஆம் பிரிவின்கீழ் மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரே தீர்ப்பு அலுவலர். ஐந்து கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிக்கலாம். மனுதாரர் உரிமையியல் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியதில்லை. அவருடைய உத்தரவை எதிர்த்து 45 நாளுக்குள் டெல்லியில் உள்ள தொலைத்தொடர்புத் தகராறுகள் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும்.